'வைண்ட் டவுன்': ஒரு சொல்லும் நம் பற்று நோட்டும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் கடை வைத்திருப்பவர்களை ஆங்கிலம் தானாகவே தேடி வந்துவிடுகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த நாளிலிருந்து இந்த வட்டாரத்தின் வியாபாரம் தொழிற்சாலைகளோடு பின்னிப் பிணைந்துவிட்டது. கேன்டீனுக்கு அரிசி பருப்பு போடுபவர், அட்டைப் பெட்டி கொடுப்பவர், கையுறையும் துடைப்புத் துணியும் சப்ளை செய்பவர், போல்ட் நட்டு விற்பவர், தொழிலாளர் தங்கும் விடுதிக்குக் காய்கறி அனுப்புபவர் என எல்லோருக்கும் ஆர்டரும் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன.

நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் ஒரு வகை. கொள்முதல் அதிகாரிகள் பேசுகிற, எழுதுகிற ஆங்கிலம் வேறொரு வகை. அவர்கள் பெரிய சொற்களை அதிகம் கையாளுவதில்லை. சாதாரண வினைச்சொல் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'அவுட்' என்று ஒரு சிறுசொல்லை ஒட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்ததும் பொருள் மாறிவிடும். அகராதியில் தனித்தனியே பார்த்தால் விளங்காது.

அப்படிப்பட்ட கூட்டு வினைகளில் ஒன்றை மட்டும் இந்தப் பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அதுதான் 'வைண்ட் டவுன்'. இதை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சொல் வரும் கடிதத்தைச் சரியாகப் படித்தால் நாம் வெளியில் விட்டிருக்கும் பணம் திரும்பி வரும். தவறாகப் படித்தால் ஒன்று பதறிப்போய் நல்ல வாடிக்கையை இழப்போம், அல்லது அசட்டையாக இருந்து பாக்கியை இழப்போம்.

சொல்லின் பிறப்பு

பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சாவியைத் திருகத் திருக உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். இப்படிச் சுற்றுவது, முறுக்குவது என்பதே 'வைண்ட்' என்ற வினையின் அடிப்படைப் பொருள். முழுவதும் முறுக்கி ஏற்றினால் அது 'வைண்ட் அப்'. ஏற்றிய சுருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கடிகாரம் மெதுவாகி வந்தால் அது 'வைண்ட் டவுன்'.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பொருள் மறக்காது. விசையை அணைத்ததும் விளக்கு அணைவது போன்றதல்ல இது. சாவி தளரும் கடிகாரம் போல, ஓட்டம் படிப்படியாகக் குறைந்து நிற்பது. ஒரு நிறுவனம் 'வைண்ட் டவுன்' என்று எழுதினால், 'உற்பத்தியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்தப் போகிறோம்' என்று பொருள்.

பேச்சுவழக்கில் இதற்கு இன்னும் இரண்டு பொருள்கள் உண்டு. உழைத்துக் களைத்தவர் உடலையும் மனதையும் தளரவிட்டு ஓய்வு கொள்வதும் 'வைண்ட் டவுன்'தான். 'ஆஃப்டர் தீபாவளி, வி வைண்ட் டவுன் ஃபார் எ வீக்' என்றால், தீபாவளி வியாபாரம் முடிந்து ஒரு வாரம் ஆசுவாசப்படுத்திக்கொள்கிறோம் என்று பொருள். கைப்பிடியைச் சுற்றிக் காரின் கண்ணாடியை இறக்குவதையும் இதே சொல்லால் குறிப்பார்கள்.

உச்சரிப்பில் ஒரு கவனம்

காற்றைக் குறிக்கும் 'விண்ட்' என்ற சொல்லுக்கும் இதற்கும் எழுத்து ஒன்றே: டபிள்யூ, ஐ, என், டி. காற்று என்றால் 'விண்ட்', முறுக்குவது என்றால் 'வைண்ட்'. நேரில் பேசும்போது 'விண்ட் டவுன்' என்று சொன்னால், காற்று அடங்கிவிட்டது என்கிறாரோ என்று எதிரே இருப்பவர் விழிப்பார்.

இறந்தகாலம் 'வவுண்ட்'. 'வவுண்ட் டவுன்' என்றால் குறைத்து நிறுத்தியாயிற்று. இதே எழுத்துகளை 'வூண்ட்' என்று உச்சரித்தால் காயம் என்று பொருளாகிவிடும். மருந்துக்கடை நண்பர்களுக்கு அந்தச் சொல் பழக்கமானதே.

வாக்கியத்தில் அமைக்கும் முறை

ஒன்று: எதைக் குறைக்கிறார்களோ அந்தப் பொருளைச் சிறுசொல்லுக்குப் பின்னும் வைக்கலாம், முன்னும் வைக்கலாம். 'வைண்ட் டவுன் ப்ரொடக்ஷன்', 'வைண்ட் ப்ரொடக்ஷன் டவுன்' இரண்டும் சரி.

இரண்டு: பெயருக்குப் பதிலாக 'இட்', 'தெம்' போன்ற சொல் வந்தால் அது நடுவில்தான் நிற்கவேண்டும். 'வைண்ட் இட் டவுன்' சரி. 'வைண்ட் டவுன் இட்' தவறு.

மூன்று: பொருள் இல்லாமலும் வரும். 'தி பிளான்ட் இஸ் வைண்டிங் டவுன்' என்றால் ஆலையின் ஓட்டம் குறைந்து வருகிறது என்று பொருள்.

நான்கு: பெயர்ச்சொல்லாகவும் வரும். 'ட்யூரிங் தி வைண்ட்-டவுன் பீரியட்' என்றால், குறைத்துக்கொண்டே வரும் காலத்தில்.

இந்த நான்கில் வணிகர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது முதலாவதைத்தான். எதைக் குறைக்கிறார்கள் என்ற சொல் அங்கேதான் இருக்கிறது. அவசரத்தில் 'வைண்ட் டவுன்' என்ற இரு சொற்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உள்ள சொல்லை விட்டுவிடுகிறோம். அதனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஃபோர்டு அறிக்கையைப் படிப்போம்

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த ஆங்கில அறிக்கையில் அவர்கள் கையாண்ட சொல் 'வைண்ட் டவுன்'. குஜராத்தின் சனந்தில் வாகனம் பூட்டும் பணியை 2021-ன் நான்காம் காலாண்டுக்குள்ளும், சென்னை ஆலையில், அதாவது மறைமலைநகரில், வாகன உற்பத்தியையும் எஞ்சின் உற்பத்தியையும் 2022-ன் இரண்டாம் காலாண்டுக்குள்ளும் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றும் அறிவித்தார்கள்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உள்ளன.

முதலாவது, எதை நிறுத்துகிறார்கள் என்பது. சனந்தைப் பற்றிச் சொல்லும்போது வாகனம் பூட்டும் பணி மட்டும்தான் 'வைண்ட் டவுன்'. அங்கே ஏற்றுமதிக்கான எஞ்சின் உற்பத்தி தொடர்ந்தது. மறைமலைநகரில் வாகனம், எஞ்சின் இரண்டுமே பட்டியலில் இருந்தன. ஒரே அறிக்கைதான், ஒரே வினைச்சொல்தான். ஆனால் சனந்து எஞ்சின் பிரிவுக்குச் சரக்குக் கொடுத்தவரின் நிலை வேறு, மறைமலைநகருக்குக் கொடுத்தவரின் நிலை வேறு.

இரண்டாவது, காலாண்டுக் கணக்கு. நம் கணக்கு ஏப்ரலில் தொடங்குவதால், 'இரண்டாம் காலாண்டு' என்றவுடன் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று எண்ணிவிடுவோம். ஃபோர்டு அமெரிக்க நிறுவனம். அவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே 2022-ன் இரண்டாம் காலாண்டு என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். நாம் நினைத்ததற்கு மூன்று மாதம் முன்பே ஆர்டர் நின்றுவிடும். கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்களோடு வியாபாரம் செய்பவர்கள், காலாண்டு என்ற சொல் வந்தால் மாதத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

மூன்றாவது, நாள் நகரக்கூடும் என்பது. 2022 மே இறுதியில் இழப்பீடு தொடர்பாக மறைமலைநகர்த் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். உற்பத்தி தடைப்பட்டது. கடைசிக் கார் ஜூலையில்தான் வெளிவந்தது. அறிவித்த நாளிலிருந்து கடைசிக் கார் வரை ஏறத்தாழ பத்து மாதம். சுருள் தளர அவ்வளவு காலம் ஆயிற்று. தேநீர்க் கடையிலிருந்து மொத்த மண்டி வரை யாருக்கும் கணக்கை ஒழுங்குசெய்துகொள்ள அது போதுமான அவகாசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'வைண்ட் டவுன்' ஆனது என்றென்றைக்கும் முடிந்துபோயிற்று என்று எண்ணவும் கூடாது. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கும் விருப்பத்தை 2024 செப்டம்பரில் ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதமாகத் தெரிவித்தது. எஞ்சின் தயாரிப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுக்க முடியும்.

சொல் இல்லாமலும் நடக்கும்

இதற்கு மாறான அனுபவம் ஸ்ரீபெரும்புதூரிலேயே உண்டு. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 முதல் கைபேசி உற்பத்தியை நிறுத்தியது. கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், ஆலையோடு செய்திருந்த தயாரிப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதால் ஆர்டர் இல்லாமல் போயிற்று. அந்த அறிவிப்பு வந்தது 2014 அக்டோபரில். இடையில் இருந்தவை சில வாரங்களே.

அறிவிப்பில் இருந்த ஆங்கிலச் சொல்லும் வேறு: 'சஸ்பெண்ட்'. அகராதியில் அதற்குத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் என்று பொருள். ஆனால் நோக்கியா அந்த ஆலையை மறுபடி திறக்கவில்லை. 2019-ல் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்க முன்வரும் வரை வளாகம் மூடியே கிடந்தது.

அப்படியானால் முன்னறிகுறியே இல்லையா? இருந்தது. வருமான வரி வழக்கில் 2013-ல் சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய ஆலைகளில் ஸ்ரீபெரும்புதூர் சேரவில்லை. அதே ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். 'வைண்ட் டவுன்' என்ற சொல்லை யாரும் எழுதவில்லை, ஆனால் நடந்தது அதுதான். கடிகாரம் மெதுவாகிறது என்பதை அதன் ஓசையிலேயே கேட்கலாம். பேருந்துகளின் எண்ணிக்கை குறைவது, இரவு ஷிஃப்ட் நிற்பது, கேன்டீன் ஆர்டர் வாரத்துக்கு வாரம் சுருங்குவது, விடுதியில் 'அறை வாடகைக்கு' பலகை தொங்குவது எல்லாம் அந்த ஓசைதான்.

'வைண்ட் அப்' என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

தமிழ்நாட்டில் 'வைண்டப் பண்ணியாச்சு' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கடை சாத்தினாலும் வைண்டப், கூட்டம் முடிந்தாலும் வைண்டப், மாதக் கணக்கு முடித்தாலும் வைண்டப். பேச்சில் தவறில்லை. எழுத்தில்தான் ஆபத்து.

கம்பெனிச் சட்டத்தில் 'வைண்டிங் அப்' என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. கம்பெனியையே கலைத்து, சொத்தை விற்று, கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது. 'வைண்ட் டவுன்' ஆகும் கம்பெனி உயிரோடு இருக்கிறது, ஆர்டரைக் குறைத்தாலும் பில்லுக்குப் பணம் தரும். 'வைண்ட் அப்' ஆகும் கம்பெனியிடம் பில்லைக் கொண்டுபோனால் பயனில்லை.

கம்பெனி கலைப்புக்கோ 2016-ம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கோ போனால், ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் பொது அறிவிப்பு வரும். அதில் குறித்திருக்கும் கடைசி நாளுக்குள், பில் நகல்களோடு உரிமைக் கோரிக்கைப் படிவத்தைக் கொடுக்கவேண்டும். சரக்குக் கொடுத்தவர்களை அந்தச் சட்டம் 'ஆப்பரேஷனல் கிரெடிட்டர்' என்கிறது. சொத்தை விற்ற பணத்தில் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்கும் தொழிலாளர் பாக்கிக்கும் பின்னால்தான் நமது வரிசை. பல சமயங்களில் நம் முறை வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். ஆகவே பணத்தை மீட்கவேண்டிய காலம் 'டவுன்' காலமே. 'அப்' வந்துவிட்டால் தாமதம்.

இதனால் நாமும் எழுதும்போது கவனமாக இருக்கவேண்டும். மாதக் கணக்கை முடிக்கிறோம் என்று தெரிவிக்க, 'வி ஆர் வைண்டிங் அப் ஆன் தர்ட்டியத்' என்று ஒரு அதிகாரிக்கு எழுதினால், முப்பதாம் தேதி நம் கடையையே மூடுகிறோம் என்று அவர் படிப்பார். அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். 'வி ஆர் க்ளோசிங் அவர் மன்த்லி அக்கவுண்ட்ஸ் ஆன் தர்ட்டியத்' என்று எழுதுவதே சரி.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

ஷட் டவுன்: மின்வாரியத்தின் பராமரிப்பு ஷட் டவுன் நமக்குத் தெரியும். காலையில் நிறுத்தி மாலையில் கொடுப்பார்கள். ஆலைகளிலும் இயந்திரப் பராமரிப்புக்காக ஆண்டுக்குச் சில நாள் ஷட் டவுன் விடுவதுண்டு. இதற்குப் பதற வேண்டியதில்லை. 'பெர்மனன்ட்' என்ற சொல் முன்னால் சேர்ந்தால் மட்டும் நிரந்தர மூடல்.

நோ ப்ரொடக்ஷன் டே: உற்பத்தி இல்லாத நாள். 2019-ல் வாகன விற்பனை சரிந்தபோது பல வாகனத் தொழிற்சாலைகள் இப்படி அறிவித்தன. ஆர்டர் சில நாள் குறையும், பின்னர் திரும்பும்.

லே ஆஃப்: இதில் இரு நாட்டு வழக்கு மோதுகிறது. அமெரிக்கச் செய்திகளில் 'லே ஆஃப்' என்றால் பெரும்பாலும் வேலையிலிருந்து நீக்குவது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியல்ல. மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாமல், அல்லது சரக்குத் தேங்கி, தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலையே 'லே ஆஃப்'. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டமும் அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் அப்படியே சொல்கிறது. தகுதியுள்ள தொழிலாளருக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். தற்காலிகக் கூலியாக வருபவருக்கு இது கிடையாது. மளிகைக் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். லே ஆஃப்பில் இருப்பவரின் வருமானம் பாதியாகியிருக்கிறது, வேலை போய்விடவில்லை. அவருக்குக் கடனை நிறுத்துவதைவிடக் கெடுவைச் சற்று நீட்டுவதே வாடிக்கையைக் காக்கும்.

கடனையும் வைண்ட் டவுன் செய்வது

நம்மில் பலர் ஆலைக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பதில்லை. கேன்டீன் ஒப்பந்தக்காரர், விடுதி நடத்துபவர், ஆள் சப்ளை செய்பவர் என இடையில் ஒருவர் இருக்கிறார். 'வைண்ட் டவுன்' கடிதம் அவருக்குத்தான் வரும், நம் கைக்கு வராது. பாதிப்பு மட்டும் வந்து சேரும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கேன்டீன் ஒப்பந்தக்காரர் மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு மளிகை எடுக்கிறார். 45 நாள் கடன். எந்த நாளில் பார்த்தாலும் அவரிடம் சுமார் 6 லட்சம் நிற்கும். ஆலையில் ஆள் பாதியாகக் குறைகிறது. இப்போது அவர் எடுக்கும் சரக்கு மாதம் 2 லட்சம், வருமானமும் பாதி. ஆனால் நமக்குத் தரவேண்டியது ஓட்டம் நிறைந்திருந்த காலத்துப் பெரிய பில்கள். பெரும்பாலானோர் இந்த மாத வரவில்தான் போன மாதக் கடனைக் கட்டுகிறார்கள். சின்ன வரவில் பெரிய பில்லைக் கட்டமுடியாமல் திணறுவார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். கணக்கின் அமைப்பே அப்படி.

இதற்கு மருந்து, அவரது ஓட்டம் குறையும் வேகத்திலேயே நம் கடன் நாட்களையும் குறைப்பதுதான். ஆர்டர் 2 லட்சமாகும்போது கடன் 30 நாள் என்று வைத்தால் நிற்பது 2 லட்சம். ஆர்டர் 1 லட்சமாகும்போது 15 நாள் என்றால் நிற்பது 50 ஆயிரம். கடைசி மாதம் ரொக்கம். ஒரே நாளில் கடனை நிறுத்தினால் அவர் வேறு மண்டிக்குப் போய்விடுவார், பழைய 6 லட்சமும் அதோடு போகும். படிப்படியாகக் குறைத்தால் அவரும் தாங்குவார், நாமும் தப்புவோம்.

பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் அப்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். இதை 'பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்' என்பார்கள். விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப்போடக் காலவரம்பு மூன்று ஆண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புதல் கிடைத்தால், ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகக் கணக்கிடப்படும்.

சில்லறைக் கடைகளில் தொழிலாளர் குடும்பங்களின் பற்றையும் இப்படியே நடத்தவேண்டும். வேலை போகிறவருக்குக் கடைசியில் கணக்கு முடித்துப் பணம் வரும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் அரிசியையும் பால் பவுடரையும் நிறுத்துவது கொடுமை மட்டுமல்ல, கெட்ட வியாபாரமும்கூட. எண்ணெய், சோப்பு, நொறுக்குத்தீனியின் பற்றைக் குறைத்து, அரிசி பருப்பைத் தொடர்ந்து கொடுத்த கடைக்காரரிடம்தான் கையில் பணம் வந்ததும் முதலில் வந்து தீர்ப்பார்கள்.

பேச்சில் பயன்படுத்தும் முறை

கேன்டீன் மேலாளரும் மண்டிக்காரரும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

மேலாளர்: 'வி ஆர் வைண்டிங் டவுன் தி செகண்ட் ஷிஃப்ட், அண்ணாச்சி. சரக்கைக் கொஞ்சம் பார்த்து அனுப்புங்க.'

மண்டிக்காரர்: 'செகண்ட் ஷிஃப்ட் மட்டுந்தானா சார்? எந்த மாசம் வரைக்கும்?'

மேலாளர்: 'அது மட்டுந்தான். இப்ப அறுநூறு சாப்பாடு. அடுத்த மாசம் முந்நூறு. மார்ச்சோட நின்னுடும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எப்பவும் போல.'

மண்டிக்காரர்: 'சரிங்க சார். அதுக்குத் தக்கபடி அரிசியைக் குறைச்சு அனுப்புறேன். பழைய பில்லுக்கு பணம் யாரு கையெழுத்துல வரும்? பாக்கிக்கு ஒரு கன்ஃபர்மேஷன் லெட்டரும் குடுத்துடுங்க.'

மண்டிக்காரர் மூன்றே கேள்வி கேட்டிருக்கிறார்: எது குறைகிறது, எந்த மாதம் வரை, பணம் யாரிடமிருந்து வரும். 'வைண்ட் டவுன்' என்ற சொல் வேகத்தைத்தான் சொல்லும். மற்ற மூன்றையும் நாம்தான் கேட்டு வாங்கவேண்டும். ஆங்கிலத்தில் கேட்பதானால் இப்படி: 'விச் லைன் இஸ் வைண்டிங் டவுன்?', 'டில் விச் மன்த்?', 'ஹூ வில் க்ளியர் அவர் பில்ஸ்?'

பயிற்சி

கீழுள்ள வாக்கியங்களின் பொருளைத் தாளில் எழுதிப் பார்த்து, பிறகு விடையோடு ஒப்பிடுங்கள்.

1. 'வி ஆர் வைண்டிங் டவுன் தி ஓல்ட் மாடல்.'
2. 'தி கம்பெனி இஸ் பீயிங் வவுண்ட் அப்.'
3. 'ஷட் டவுன் ஃபார் மெயின்டனன்ஸ், ஃபைவ் டேஸ்.'
4. 'லெட் அஸ் வைண்ட் அப் தி மீட்டிங்.'
5. 'ஹி கோஸ் டு ஏற்காடு டு வைண்ட் டவுன்.'

விடைகள்:

1. பழைய மாடலின் உற்பத்தி குறைந்து நிற்கப் போகிறது. அந்த மாடலுக்கென்று செய்யும் பெட்டியையும் உதிரியையும் இருப்பில் ஏற்றவேண்டாம். புதிய மாடலின் தேவை என்ன என்று கேளுங்கள்.
2. கம்பெனி கலைக்கப்படுகிறது. நாளிதழ் அறிவிப்பைத் தேடி, கடைசி நாளுக்குள் கோரிக்கைப் படிவம் கொடுக்கவேண்டும்.
3. ஐந்து நாள் பராமரிப்பு விடுமுறை. அந்த ஐந்து நாளுக்குக் காய்கறியும் பாலும் மட்டும் குறைத்தால் போதும்.
4. கூட்டத்தை முடிப்போம் என்கிறார். கவலை வேண்டாம்.
5. ஓய்வெடுக்க ஏற்காடு போகிறார்.

ஐந்துக்கு ஐந்தும் சரியாக எழுதியவர்கள், இந்தப் பக்கத்தைக் கடையில் கணக்கெழுதும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் கடிதத்தை முதலில் பிரித்துப் பார்ப்பவர் அவர்தான்.